கீழ்க்கணக்குக்குப் போக வேண்டிய லொறி

இலங்கையில், பதுளையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது என் கையில் ஒரு பெட்டியும், என்னைவிட உயரமான ஒரு மூட்டையும் இருந்தன. மூட்டைக்குள் இருந்தது அம்மன் கோயில் குடை. சிவப்புப் பட்டு, மஞ்சள் குஞ்சம், உச்சியில் பித்தளைக் கலசம். மாமா, அதாவது என் அக்காவின் வீட்டுக்காரர், பதுளைக் கடைவீதியில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் சித்திரைத் திருவிழாவுக்கு அந்தக் குடையை உபயமாகத் தருவதாகச் சொல்லியிருந்தார். "அங்கதான் நல்ல குடை கிடைக்கும் மாப்ள. நீயே கொண்டாந்துரு. அக்காவையும் பாத்த மாதிரி இருக்கும்" என்று போனில் சொன்னார். யாராவது ஏதாவது கேட்டால் நான் சரி என்று சொல்லிவிடுவேன். முடியாது என்று சொல்வதற்கு நிறையப் பேச வேண்டும்.

சங்ககிரியில் ஒரு டீசல் பம்ப் பட்டறையில் எனக்கு வேலை. லாரியிலிருந்து கழற்றிய பம்பை எண்ணெய் வடிய வடியக் கொண்டுவந்து என் மேசைமேல் வைப்பார்கள். பிரித்து, கழுவி, தேய்ந்ததை மாற்றிப் பூட்டிக் கொடுப்பேன். லாரி எங்கேயோ வெளியே நிற்கும். நான் பழுது பார்த்த வண்டிகளில் பலவற்றின் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் மாமா ஊரெல்லாம் வேறு மாதிரி சொல்லிவைத்திருந்தார்.

பதுளை, மலைகளுக்கு நடுவில் கிண்ணத்தின் அடியில் வைத்தது போன்ற ஊர். எந்தத் தெருவில் நின்று பார்த்தாலும் தெருக்கோடியில் ஒரு மலை நிற்கிறது. எங்கள் ஊரிலும் மலை உண்டு, ஆனால் அது ஒன்றே ஒன்று. அதற்குக் கோட்டை கட்டி மரியாதை செய்து வைத்திருக்கிறோம். இங்கே மலையை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை.

மாமாவின் கடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒரே மூச்சில் சிங்களத்தில் விலை சொல்லி, தமிழில் மீதி கொடுத்து, மறுபடி சிங்களத்தில் சிரிக்கிறார். வருகிறவர்களிடமெல்லாம் என்னைக் காட்டி, "இந்தியாவுல பெரிய டீசல் இன்ஜினியரு. நம்ம மச்சினன்தான்" என்றார். கருவாடு வாங்க வந்த ஒரு பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்துச் சிங்களத்தில் ஏதோ சொன்னார். கடையே சிரித்தது. என்ன சொன்னார் என்று கேட்டேன். "இன்ஜினியர்னு சொன்னீங்க, சாப்பாடு போடலியான்னு கேக்குறாரு" என்றார் மாமா.

காலைச் சாப்பாட்டுக்கு அக்கா பாண் வைத்தாள். பாண் என்றால் ரொட்டிதான், கடையில் சுட்டு விற்கும் ரொட்டி. எங்கள் ஊரில் காய்ச்சல் வந்தவர்களுக்குத்தான் அதை வாங்கிக் கொடுப்போம். இங்கே நன்றாக இருப்பவர்களே கனத்த துண்டாகப் பிய்த்து, தேங்காய்ப்பால் விட்ட பருப்பிலும் தேங்காயும் மிளகாயும் சேர்த்துச் சிவக்கச் சிவக்க இடித்த சம்பலிலும் தோய்த்துச் சாப்பிடுகிறார்கள். நான் நான்காவது துண்டுக்குக் கை நீட்டியபோது அக்கா, "காய்ச்சல் கொறஞ்சிருச்சா?" என்றாள்.

மறுநாள் பசறை பஸ். கூட்டத்தில் மாமா எப்படியோ முன்னால் ஏறிவிட்டார். நானும் குடையும் படிக்கட்டுக்கு அருகில் மாட்டிக்கொண்டோம். நடத்துநர் சிங்களத்தில் கத்தினார், முன்னாலிருந்து மாமா மொழிபெயர்த்துக் கத்தினார்: "குடைக்கும் டிக்கெட் எடுக்கணுமாம்!" பஸ் ஒவ்வொரு வளைவிலும் சாய, குடையும் சாய்ந்தது. அதைப் பிடிக்க முன்பின் தெரியாத கைகள் நீண்டன. ஒரு வளைவில் கட்டு அவிழ்ந்து குஞ்சம் வெளியே வந்து, உட்கார்ந்திருந்த ஒரு சிங்களப் பெண்ணின் தோளில் விழுந்தது. எனக்கு மன்னிப்புக் கேட்க மொழியும் இல்லை, துணிச்சலும் இல்லை. அந்தம்மா குஞ்சத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்ற தமிழ்ப் பையனிடம் ஏதோ கேட்டார். "யார் கோயிலுக்குன்னு கேக்குறாங்க" என்றான் அவன். மாரியம்மன் என்றேன். அந்தம்மா குஞ்சத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சொன்னதைப் பையன் தமிழில் சொன்னான்: "அவளை எங்களுக்கும் தெரியும். எங்க ஊர்ல வேற பேரு." பிறகு மடியிலிருந்த பையைத் திறந்து, உப்பும் மிளகாயும் பிரட்டிய வெரளிக்காயை என் கையில் வைத்தார். பச்சையாக, முட்டை வடிவில் ஒரு புளிப்புக் காய். தோட்டத்து முனையில் இறங்கும்வரை என் பல் கூசிக்கொண்டே இருந்தது.

முனையில் எங்களுக்காக யோகராஜ் என்பவர் லொறியோடு காத்திருந்தார். நாங்கள் லாரி என்பதை இங்கே எல்லோரும் லொறி என்கிறார்கள். இனி நானும் அப்படியே எழுதுகிறேன். பழைய ஜப்பான் வண்டி. சின்னது, நீலம், கதவில் முருகன் படம். வெலிமடையிலிருந்து கரட், லீக்ஸ், உருளைக்கிழங்கு ஏற்றிப் பதுளைச் சந்தைக்குக் கொண்டுவருவது அவர் தொழில். லொறியில் மிச்சம் கிடந்த லீக்ஸை அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தேன். வெங்காயத்தாளுக்குக் காற்றடித்துப் பெரிதாக்கியது போல் இருந்தது.

"அண்ணே, ஒங்களுக்கு எந்த ஊரு வண்டியும் அத்துப்படியாமே?" என்றார் யோகராஜ். நான் மாமாவைப் பார்த்தேன். மாமா கேபின் ஜன்னல் வழியாகத் தேயிலையைப் பார்த்தார்.

ஏறும் வழியெல்லாம் யோகராஜ் பேசிக்கொண்டே வந்தார். தோட்டத்தில் இரண்டு பிரிவு. பிரிவைக் கணக்கு என்பது அங்கத்து வழக்கம். கோயில் மேல்கணக்கில் இருக்கிறது. யோகராஜின் வீடு, மலைக்குக் கீழே பள்ளத்தில் இருக்கும் கீழ்க்கணக்கில். நடுவில் இருந்த பாதை வெறும் பாறையாக இருந்ததால் அம்மன் தேர் ஒரு வருஷமும் கீழே இறங்கியதில்லை. மேல்கணக்கு லயங்களை, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளை, சுற்றிவிட்டுக் கோயிலுக்குப் போய்விடும். கீழ்க்கணக்குக்காரர்கள்தான் பூசைத் தட்டைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறி வருவார்கள். இந்த வருஷம் பாதைக்குக் கொங்கிரீட் போட்டாயிற்று. இந்த வருஷத் தேர், யோகராஜின் இந்த லொறி.

"நாளைக்கு எங்க வாசலுக்கே வாறா" என்றார். கியர் மாற்றுவதை ஒரு நிமிஷம் மறந்துவிட்டார். லொறி முனகியது.

வழியில் நிறுத்தியிருந்த ஆட்டோ, வேன், டிராக்டர் எல்லாமே மூக்கைக் கீழ்ப்பக்கம் வைத்து இறக்கத்தைப் பார்த்து நின்றன. சங்ககிரியில் வண்டியை நிறுத்த நிழல் எங்கே என்று மட்டும்தான் பார்ப்போம். காரணம் கேட்டேன். "காலையில பெட்டரி மக்கர் பண்ணுனா சும்மா உருட்டி விட்டா போதும்ல" என்றார்.

கோயில் ஒரு மேட்டின் உச்சியில் இருந்தது. முன்னால் சரிவான திடல். யோகராஜ் வழக்கம்போல் லொறியை இறக்கம் பார்த்து நிறுத்தினார். கோயில் தலைவர், தோளில் துண்டு போட்ட கனத்த மனிதர், ஓடி வந்தார்.

"டேய் யோகு! அம்மாவுக்கு முதுகக் காட்டியா நிப்பாட்டுற? இது இப்ப தேருடா. மரக்கறி லொறி இல்ல."

யோகராஜ் நாக்கைக் கடித்துக்கொண்டார். லொறியைத் திருப்பி, மூக்கு மேலே கோயிலைப் பார்க்கும்படி நிறுத்தி, பின்சக்கரங்களுக்குப் பெரிய கல் வைத்தார். மாலைவரை ஆளாளுக்கு வாழைமரம் கட்டினார்கள், காகிதப் பூ ஒட்டினார்கள், கேபினுக்கு மேல் அம்மன் உட்காரப் பீடம் அமைத்தார்கள். யோகராஜின் மனைவி செல்வி பறித்த தேயிலைக் கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு நேராக வந்திருந்தார். காகிதப் பூவைக் கட்டிய கணவரைப் பார்த்து, "எனக்கு ஒரு நாளு ஒரு முழம் பூ வாங்கியாந்திருக்கீங்களா? லொறிக்கு என்னா சிங்காரம்" என்றார். சுற்றி நின்ற பெண்கள் சிரித்த சிரிப்பில் யோகராஜ் கட்டிய பூவை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

அன்று சாப்பாடு தலைவர் வீட்டில். உள்ளங்கை கனத்தில் கோதுமை ரொட்டி, அம்மியில் அரைத்த கட்டச் சம்பல், பாலில்லாத சாயத் தேத்தண்ணி. தேயிலை விளையும் இடத்திலேயே குடிக்கிறோம் என்பதாலோ என்னவோ, பால் இல்லை என்பது இரண்டாவது கோப்பையில் மறந்துவிட்டது.

திருவிழா அன்று விடிந்ததிலிருந்து தப்பு மேளச் சத்தம். குடையை விரித்தார்கள். அவ்வளவு தூரம் நான் கட்டிக்கொண்டு வந்த பொருள் இதுதானா என்று எனக்கே சந்தேகம் வரும்படி அழகாக இருந்தது. மத்தியானப் பூசை முடிந்ததும் அம்மனை லொறியில் ஏற்றி, முதலில் மேல்கணக்கு, பிறகு கீழ்க்கணக்கு என்று ஏற்பாடு. சித்திரை மாதத்தில் அங்கே மத்தியானத்துக்குப் பிறகு மழை வந்துவிடும். "அதுக்கு முன்னாடி எறங்கிரணும். புது கொங்கிரீட்டு, நனைஞ்சா வழுக்கும். மழை விழுந்துட்டா லொறிய கீழ விட மாட்டேன்" என்று தலைவர் காலையிலேயே எல்லோருக்கும் சொல்லிவிட்டார். அதனால் கீழ்க்கணக்குப் பெண்கள் அடிக்கொரு தரம் வானத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

லொறியைக் கோயில் படிக்கு அருகில் கொண்டுபோக யோகராஜ் சாவியைத் திருகினார். பிடித்தது. நாலு மூச்சு விட்டது. நின்றுவிட்டது. மறுபடி திருகினார். இன்ஜின் சுற்றியது, சுற்றியது, பிடிக்கவே இல்லை.

தப்பு நின்றது. "ஒண்ணும் பயப்படாதீங்க! நம்ம மாப்ள இருக்கான்" என்று மாமாவின் குரல் கேட்டது. கூட்டம் விலகி எனக்கு வழி விட்டது. நடந்து போன அந்த வழி சங்ககிரியிலிருந்து பதுளைக்கு வந்த வழியைவிட நீளமாக இருந்தது.

முதலில் பெட்டரி. சுற்றுகிற சுற்றில் குறை இல்லை. அடுத்து புகை. யோகராஜை மறுபடி திருகச் சொல்லிவிட்டுப் பின்னால் போய்ப் புகைக்குழாயைப் பார்த்தேன். ஒரு பொட்டுப் புகை இல்லை. டீசல் உள்ளே போனால் எரியாவிட்டாலும் வெள்ளையாகப் புகைய வேண்டும். ஆக, இன்ஜினுக்கு டீசல் போகவில்லை. டீசல் வடிகட்டியின் மேலே காற்று எடுக்கும் திருகு ஒன்று இருக்கிறது. அதைத் தளர்த்தி, கைப்பம்பை அமுக்கினேன். சோப்பு நுரை மாதிரி வந்தது. காற்று. கொஞ்ச நேரம் அமுக்கினால் நுரை நின்று டீசல் சுத்தமாக வரும், வர வேண்டும். கை வலிக்கும்வரை அமுக்கினேன். நுரைதான் வந்தது.

"சோப்பு போட்டு குளிப்பாட்டுறாரு" என்று யாரோ சொன்னார்கள்.

தொட்டிக்கும் வடிகட்டிக்கும் நடுவில் எங்கோ காற்று இழுக்கிறது. குழாய் முனைகளை இறுக்கினேன். யோகராஜின் கருவிப் பெட்டியிலிருந்து எடுத்துச் செம்பு வாஷரை மாற்றினேன். ரப்பர் குழாயின் வெடித்த நுனியை வெட்டிவிட்டு மறுபடி மாட்டினேன். ஒவ்வொன்றுக்கும் பிறகு கைப்பம்பு, ஒவ்வொரு தடவையும் நுரை. மலைக்குப் பின்னாலிருந்து ஒரு மேகம் தலையை நீட்டியது.

இனி என்ன செய்வது என்று தெரியாதபோது கை பழகிய இடத்துக்குத்தான் போகும். பம்பைக் கழற்றிவிடலாம் என்று நினைத்தேன். ஒரு தட்டும் சுத்தமான துணியும் வேண்டும் என்றேன். துணி கொண்டுவந்த செல்வி என் அருகில் குனிந்து, மெதுவாகக் கேட்டார்: "அண்ணே, பிரிச்சிட்டா இன்னைக்கே பூட்டிருவீங்களா?"

நான் ஸ்பானரைக் கீழே வைத்தேன்.

அவருக்குப் புரிந்துவிட்டது. நிமிர்ந்து நின்று தலைவரைப் பார்த்தார். தலைவர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னுங் கொஞ்ச நேரம் பாப்போம் செல்வி. முடியலைன்னா தோள்ல தூக்கி மேக்கணக்க சுத்திட்டு வந்துரலாம். கீழ அடுத்த வருஷம்..."

"வருஷா வருஷம் நாங்கதான் ஏறி வாறோம் தலைவரே" என்றார் செல்வி. "ஒரு வருஷம் அவ எறங்கி வரட்டுமே."

தலைவர் கெட்ட மனிதர் இல்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

டீசல் தீர்ந்திருக்குமோ என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது. முதலில் தோன்றியிருக்க வேண்டியது. ஆனால் யோகராஜ் ஒரு லொறி ஓட்டுகிறவர், டீசல் இருக்கிறதா என்று அவரைக் கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. இப்போது கேட்டேன். சாவியைப் பாதி திருகி முள்ளைப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"அரைத் தொட்டி இருக்குண்ணே."

"சரி, அப்ப அது இல்ல" என்றேன்.

"இல்லண்ணே. முந்தாநேத்து வெலிமடையில இருந்து வந்து நிப்பாட்டுறப்ப காலுக்கும் கீழதான் காட்டுச்சு. நான் ஊத்தவே இல்ல." முள்ளின் கண்ணாடியை விரலால் தட்டினார். "எப்படி கூடுச்சு?"

பக்கத்தில் நின்றவர் கேட்டு, அடுத்தவருக்குச் சொல்லி, ஒரு நிமிஷத்தில் திடல் முழுவதும் தெரிந்துவிட்டது. இராத்திரியோடு இராத்திரியாக அம்மன் டீசல் ஊற்றியிருக்கிறாள். ஒரு பெண் குலவை போட்டார். இன்னொருவர் பம்பருக்கு முன்னால் கற்பூரம் ஏற்றினார். நான் டீசல் சிந்தியிருந்த இடத்தில் அவசரமாகக் காலால் மண் தள்ளினேன்.

"ஊத்துனவளுக்கு கெளப்பிவிடத் தெரியலியாக்கும்" என்றார் செல்வி, கையைக் கூப்பிக்கொண்டே.

மண் தள்ளியபோது, கீழே வைத்திருந்த ஒரு நட்டு என் காலில் பட்டு உருண்டது. முன்சக்கரத்துக்கு அருகிலிருந்து லொறிக்கு அடியிலேயே உருண்டு, பின்சக்கரத்துக் கல்லில் போய் முட்டி நின்றது. எடுக்கப் போனவன் அப்படியே குந்திவிட்டேன். நட்டு உருண்டால் டீசலும் உருளும்.

தொட்டி லொறியின் பக்கவாட்டில் நீளமாகத் தொங்கியது. ஸ்பானரை எடுத்து அதன் முன்பக்கத்தைத் தட்டினேன். வெறும் டின் சத்தம். பின்பக்கத்தைத் தட்டினேன். நிறைந்த குடத்தின் சத்தம். மேலே பார்த்தேன். இன்ஜினுக்கு உறிஞ்சும் குழாய் தொட்டியின் முன்பக்கம் இறங்கியது. முள்ளைக் காட்டும் மிதவை பின்பக்கம் இருந்தது. லொறி மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றதால், நேற்று ஏறி வந்ததில் குறைந்துபோய் மிச்சமிருந்த கொஞ்சம் டீசலும் பின்னால் ஓடிக் குவிந்துவிட்டது. மிதவை உயர்ந்தது, முள்ளும் உயர்ந்தது. முன்னால் உறிஞ்சும் குழாய்க்கு வாயில் காற்றுதான் பட்டது.

சங்ககிரியில் சாலை தட்டு மாதிரி. அங்கே டீசல் இருந்தால் எல்லா இடத்திலும் இருக்கும்.

யோகராஜைத் தனியாகக் கூப்பிட்டு, காதோடு சொன்னேன். முதலில் அவருக்குச் சிரிப்பு வந்தது. பிறகு கற்பூரம் எரியும் பக்கம் பார்த்துவிட்டு, "இத இப்ப சொன்னா என்னையும் ஒங்களையும் சேத்து உருட்டி விட்டுருவாங்கண்ணே" என்றார். "டீசல் வாங்க பசறைக்கு ஆளனுப்பி, கேன்ல குடுப்பானா மாட்டானான்னு நின்னு, அது வாறதுக்குள்ள மழை வந்துரும். லொறிய திருப்பி, எறக்கம் பாத்து நிப்பாட்டுனா போதுமில்ல?"

போதும் என்றேன்.

"அப்ப திருப்பணும்னு மட்டும் சொல்றேன்."

சொன்னார். தலைவர் இரண்டு கையையும் விரித்தார். "திருப்புறதா? பூசை நடக்கப் போகுது, நட தொறந்திருக்கு, அம்மா முழிச்சுப் பாத்துக்கிட்டு இருக்கா. இப்ப முதுகக் காட்டுறதா? அதுவும் அவளே டீசல் ஊத்துன வண்டிய?"

டீசல் ஊற்றியது யார் என்று விளக்க என்னிடம் வாய் இல்லை. மேகம் இப்போது பாதி மலையை மூடியிருந்தது. கோயிலுக்குள்ளிருந்து பூசாரி எட்டிப் பார்த்தார். ஒல்லியான மனிதர், காலையிலிருந்து விரதம், குரல் கரகரத்தது.

"என்னாப்பா சத்தம்?"

தலைவர் சொன்னார். பூசாரி லொறியைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், கீழ்க்கணக்குப் பெண்கள் பிடித்திருந்த தட்டுகளைப் பார்த்தார்.

"பொங்கல் ரெடியா?" என்றார்.

"ரெடி சாமி."

"கொண்டா. நெவேத்தியம் வைக்கிறேன். திரையப் போட்டுட்டா அம்மா சாப்புடுறான்னு அர்த்தம். சாப்புடுறப்ப வெளிய பாக்க மாட்டா. அதுக்குள்ள திருப்பிருங்க." உள்ளே திரும்பியவர் மறுபடி எட்டிப் பார்த்தார். "இன்னைக்கு கொஞ்சம் மெதுவாவே சாப்புடுவா. அவசரப்படாதீங்க."

திரை விழுந்தது. மணி அடித்தது.

இன்ஜின் ஓடாத லொறிக்கு பிரேக்கும் பாதிதான். சரிவில் அதை விட்டால் நிறுத்துவது யார்? யோகராஜ் மரக்கறி மூட்டை கட்டும் கயிற்றை எடுத்து முன்பக்கம் கட்டினார். தேருக்கு வடம் பிடிப்பது இழுப்பதற்கு. இது இழுத்துப் பிடிப்பதற்கு. மேல்கணக்கு ஆண்கள் கயிற்றைப் பிடித்தார்கள். ஆள் போதவில்லை என்று கீழ்க்கணக்குப் பெண்கள் தட்டுகளைக் கோயில் படியில் வைத்துவிட்டு வந்து பிடித்தார்கள். மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். நான் ஒரு மரக்கட்டையோடு பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்றேன். கல்லை எடுத்தோம். லொறி ஒரு அங்குலம் யோசித்தது, பிறகு பின்னால் நகர்ந்தது. யோகராஜ் ஸ்டீயரிங்கை ஒடித்தார். வாழைமரங்கள் ஆடின. "விடாத! விடாத! ஏ, மாமா, கயித்தப் புடிக்கச் சொன்னா கயித்துல தொங்குறீங்க!" என்று செல்வி கத்தினார். லொறி வளைந்து வந்து திடலுக்குக் குறுக்கே நின்றது. கட்டையை வைத்தேன். கயிற்றைப் பின்பக்கம் மாற்றினார்கள். மறுபடி உருட்டி, அரை வட்டம் அடித்து, மூக்கைக் கீழே வைத்து நிறுத்தியபோது எல்லோருக்கும் மூச்சு வாங்கியது. திரைக்குப் பின்னால் மணிச் சத்தம் மட்டும் நிதானமாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

தொட்டிக்குள் டீசல் முன்னால் ஓடும் சத்தம் எனக்குக் கேட்டது. திருகைத் தளர்த்தி அமுக்கினேன். நுரை. நுரை. குமிழி. பிறகு, தேன் நிறத்தில், சுத்தமாக. இறுக்கிவிட்டுக் கையைக் காட்டினேன். யோகராஜ் சாவியைத் திருகினார். வெள்ளைப் புகை ஒன்று வந்தது, இருமியது, பிடித்தது.

அப்போது வந்த குலவையில் என் காது அடைத்துவிட்டது. கட்டிப் பிடித்தது யார் யார் என்று தெரியவில்லை. ஒருவர் நிச்சயம் மாமா, அவர் அப்பியிருந்த சந்தனத்தின் வாசம் வந்தது. செல்வி கேபினுக்குள் எட்டி முள்ளைப் பார்த்தார். அது காலுக்கும் கீழே இறங்கியிருந்தது. என்னை ஓரக்கண்ணால் பார்த்தார்.

"ஊத்துனவளே திருப்பி எடுத்துக்கிட்டா போல" என்றார்.

திரை திறந்தது. அம்மன் லொறியில் ஏறினாள், குடை அவளுக்கு மேல் ஏறியது. அம்மனே வண்டியில் உட்கார்ந்த பிறகு யாருக்கு யார் முதுகைக் காட்டுவது என்று தலைவரே சொன்னார்.

மேல்கணக்கு லயங்களை அவசரமாகச் சுற்றிவிட்டு, லொறி கீழ்க்கணக்குப் பாதையில் இறங்கியது. என்னைக் கேபினில் உட்காரவைத்திருந்தார்கள். இரண்டு பக்கமும் தேயிலை, நடுவில் வெள்ளையாகப் புதுப் பாதை, முன்னால் தப்பு. கீழே லயத்துக் கூரைகள் தெரிந்தன. வாசலில் நின்றவர்கள் புள்ளியாகத் தெரிந்தார்கள். அவ்வளவு சரிவு. அந்தச் சரிவைப் பார்த்தபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது.

"யோகராஜ், திரும்பி வர்றப்ப..."

"ஏத்தம்" என்றார் அவர், சாலையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

"கோயில்வரைக்கும் மூக்கு மேலதான் இருக்கும். இப்ப இருக்குற டீசலுக்கு..."

"நடுவழியில நிக்கும். தெரியும்ணே. நீங்க காதோட சொன்னப்பவே தெரியும்." சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். "கீழ போயி சொல்லிக்கலாம்."

கீழ்க்கணக்கில் முதல் வாசலுக்கு முன்னால் லொறி நின்றது. எல்லோரும் பார்த்துக்கொண்டு மட்டும் நின்றார்கள். பிறகு ஒருவர் மஞ்சள் தண்ணீரைச் சக்கரத்தில் ஊற்றினார், அதற்குப் பிறகு வாசலுக்கு வாசல் தேங்காய், கற்பூரம், அழுகை, சிரிப்பு. கடைசி வாசலில் நிற்கும்போது மழை வந்தது. எங்கள் ஊர் மழை எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். இது உட்காரும் மழை. ஒரு மணி நேரத்துக்கு மேல் பெய்துவிட்டுத்தான் ஓய்ந்தது. தலைவர் பாதையைப் பார்த்தார். "வெயில் எட்டிப் பாக்குது. கொஞ்சம் காஞ்சதும் பொழுது சாயிறதுக்குள்ள கெளம்பிருவோமா யோகு?"

"வண்டி ஏறாது தலைவரே" என்றார் யோகராஜ். "டீசல் பத்தாது. இந்தியாவுல இருந்து வந்த மெக்கானிக்கே சொல்லிட்டாரு. வேணும்னா கேளுங்க."

அத்தனை தலையும் என் பக்கம் திரும்பின. கீழ்க்கணக்கு முழுவதும் என் வாயைப் பார்த்தது. செல்வியும் பார்த்தார்.

"ஏறாதுங்க" என்றேன்.

உண்மையும் அதுதான்.

அம்மனை அன்று புள்ளக் காம்பராவில் இறக்கி வைத்தார்கள். வேலைக்குப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் கட்டடம் அது. கீழ்க்கணக்கில் ஒழுகாத கூரை அதற்கு மட்டும்தான். தொட்டில்களை ஒதுக்கிவிட்டு, சுவரில் ஒட்டியிருந்த அ, ஆ படத்துக்குக் கீழே அம்மன் உட்கார்ந்தாள். பூசாரியும் தலைவரும் தங்கினார்கள், மாமாவும் நானும் தங்கினோம். யோகராஜ் வீட்டில் லீக்ஸ் பொரியல், பூசணிக் குழம்பு, சோறு. கேட்காமலே மூன்றாவது தடவை சோறு போட்டார் செல்வி. "இன்ஜினியருக்கு சாப்பாடு போடலேன்னு யாரும் சொல்லக் கூடாது" என்றார். பதுளைக் கடையில் நடந்தது அவருக்கு எப்படித் தெரியும் என்று மாமாவைப் பார்த்தேன். மாமா சோற்றைப் பார்த்தார்.

காலையில் மலை கழுவிவிட்டது போல் இருந்தது. யோகராஜ் காலிக் கேனை எடுத்துக்கொண்டு பசறைக்குக் கிளம்பினார். முதல் வீட்டு வாசலில் கூப்பிட்டார்கள், உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தார். இரண்டாவது வீட்டில் ரொட்டி வைத்தார்கள். மூன்றாவது வீட்டில் தலைவர் ஏற்கனவே உட்கார்ந்திருந்தார்; அவரே நகர்ந்து இடம் விட்டார். புள்ளக் காம்பராவிலிருந்து கற்பூர வாசம் வந்துகொண்டிருந்தது; உள்ளே குழந்தைகள் அம்மனுக்கு முன்னால் தவழ்ந்தன.

நாங்கள் பதுளை பஸ்ஸைப் பிடிக்கக் குறுக்குப் பாதையில் ஏறியபோது வெயில் நன்றாக விழுந்திருந்தது. திருப்பத்தில் நின்று கீழே பார்த்தேன். யோகராஜ் நாலாவது வாசலில் இருந்தார். பக்கத்தில் கேன், இன்னும் காலியாக.